ஆடிப்பாவையா, சொந்த முகமா?

"பிரதிபலிப்பு" என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கின்றோம். பயிற்சி வகுப்பு முடிந்ததும் தரப்படும் படிவத்தின் கடைசியில் "உங்கள் பிரதிபலிப்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பெரும்பாலான சகோதரிகள் எழுதுவது ஒன்றேதான்: "மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நன்றி." இந்தச் சொல் உண்மையில் எம்மிடம் கேட்பது என்ன?

சொல் வந்த வழி

பிரதிபலிப்பு வடமொழி வழி வந்த சொல். "பிரதி" என்றால் எதிராக, திரும்ப என்று பொருள். ஒன்றில் பட்டது திரும்பி வருவதே பிரதிபலிப்பு. "பிரதிபலன்" என்பதும் இதற்கு உறவான சொல்தான். கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பிரதிபிம்பம் என்கின்றோம். எமது பாடசாலை விஞ்ஞானப் புத்தகங்களில் அது "விம்பம்" என்று இருக்கும். ஒளி பட்டுத் திரும்புவதை இங்குள்ள பிள்ளைகள் "தெறிப்பு" என்று படிக்கின்றனர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது "எதிரொளிப்பு".

பழந்தமிழில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு "ஆடி" என்று பெயர். கண்ணும் ஆடியும் சேர்ந்ததே கண்ணாடி. இந்தச் சொல் சிங்களத்திற்கும் சென்று "கண்ணாடிய" ஆகியிருக்கிறது. பிரதிபிம்பத்தை அவர்கள் "பிரதிபிம்பய" என்பார்கள். நான் பணிபுரியும் மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில் பெண்கள் குழுக்களில் பெரும்பாலானோர் சிங்களச் சகோதரிகளே. யுத்தம் அவர்களிடமிருந்தும் கணவரையும் பிள்ளைகளையும் பறித்தது. அவர்கள் பேசும்போது எமது தாய்மாரின் முகமே எனக்கு எதிரில் தெரியும்.

கையும் காலும் தூக்கும் பாவை

கண்ணாடி உருவத்திற்குச் சங்க காலத்தில் அழகான ஒரு சொல் இருந்தது. "ஆடிப்பாவை", அதாவது கண்ணாடிக்குள் இருக்கும் பாவை. குறுந்தொகையின் 8ஆவது பாடலில் ஆலங்குடி வங்கனார் இதனைக் கையாண்டுள்ளார். பாடலில் பேசுபவள், தலைவனோடு தொடர்புடைய மற்றொரு பெண். தன் வீட்டில் பெரிய பேச்சுப் பேசும் தலைவன், அவன் வீட்டிற்குப் போனதும் மனைவி விரும்பியபடி நடக்கிறான் என்று அவள் ஏளனம் செய்கிறாள். நாம் கை தூக்கினால் கண்ணாடிப் பாவையும் தூக்கும். அதற்கென்று சொந்தமாக ஓர் அசைவும் கிடையாது.

அந்தப் பாடலில் ஆடிப்பாவையாக நிற்பவன் ஓர் ஆண். எமது சமூகத்தில் அந்த இடத்தில் நிறுத்தப்படுபவர்கள் யார்? கணவனை இழந்தவள் எப்படி உடுக்க வேண்டும், எங்கே போகக்கூடாது, எவ்வளவு சிரிக்கலாம் என்பதையெல்லாம் மற்றவர்கள் தீர்மானிக்கின்றனர். அவள் அப்படியே அசைய வேண்டும். உதவி தருபவர்கள் முன்னிலையிலும் இதுவே நடக்கிறது. அவர்கள் எதிர்பார்க்கும் பதிலை நாம் திருப்பிக் கொடுக்கின்றோம்.

வில்கமுவவில் ஒரு சகோதரிக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் கிடைத்தன. படிவத்தில் அவரும் "பயனுள்ளது" என்றே எழுதினார். சில மாதங்களின் பின்னர் குழுவில் மெதுவாகக் கூறினார்: "என் காணியின் அனுமதிப்பத்திரம் இன்னமும் செத்துப்போன கணவரின் பெயரில்தான் இருக்கிறது. அதை மாற்ற யாரிடம் போவது என்று தெரியவில்லை. இரவில் யானை வரும் வயலை நான்தான் காவல் காக்கிறேன். ஆனால் காணி என்னுடையது என்று சொல்ல முடியவில்லை." யாரும் கேட்காததால் அவர் சொல்லவில்லை. சொன்ன பின்னர் குழுவிலுள்ள இரண்டு பெண்கள் அவருடன் பிரதேச செயலகத்திற்குப் போனார்கள். விண்ணப்பம் கொடுத்தாயிற்று. காரியம் இன்னும் முடியவில்லை, ஆனால் தொடங்கிவிட்டது.

கண்ணாடிச் சுவரில் எழுதிய பெண்கள்

இதே மாத்தளை மாவட்டத்தில்தான் சீகிரியாவும் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த அந்தக் குன்றுக் கோட்டையில் "கெட்டபத் பவுர" என்றொரு சுவர் உண்டு. கண்ணாடிச் சுவர் என்பது அதன் பொருள். சுண்ணச் சாந்து பூசி, பளபளக்கும்படி மெருகேற்றிய சுவர் அது. பின்னர் குன்றைப் பார்க்க வந்தவர்கள் அதில் தமது எண்ணங்களைக் கவிதையாகக் கீறி வைத்தார்கள். அவற்றில் பல 8ஆம் நூற்றாண்டிற்கும் 10ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டவை. அறிஞர் செனரத் பரணவிதான 685 கவிதைகளை வாசித்து 1956இல் நூலாக வெளியிட்டார். எழுதியவர்களில் பெண்களும் இருந்தனர்.

உருவத்தைத் திருப்பிக் காட்டுவதற்காக மெருகேற்றிய சுவரில், அந்தப் பெண்கள் தமது சொல்லையும் விட்டுச் சென்றார்கள். ஆயிரம் ஆண்டுகளின் பின்னரும் நிலைத்திருப்பது அவர்களின் சொல்தான்.

இன்று அந்தச் சுவரில் எழுதுவது குற்றம். ஆனால் எமக்குக் கொப்பியும் பேனையும் உண்டு. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவிக்கலாம். பிரதிபலிப்பு என்ற கட்டத்தைக் கண்டால் மூன்று கேள்விகளை உங்களிடமே கேளுங்கள். எனக்குக் கிடைத்தது என்ன? எனக்கு உண்மையில் தேவைப்பட்டது என்ன? இங்கு என்னிடம் யாரும் கேட்காத விடயம் என்ன? மூன்றாவது கேள்விக்கான பதிலை முதலில் எழுதுங்கள், சகோதரிகளே.