எந்தப் பற்றாசு நல்லது?

தூத்துக்குடியில் உப்புக் காற்று சும்மா இருக்காது. இரும்பு துருப்பிடிக்கும், செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். வண்ணக் கண்ணாடி வேலை செய்வோர் இதை மறக்கக் கூடாது.

சென்னை சாந்தோம் பேராலயத்து வண்ணக் கண்ணாடியைக் காண்போர் நிறத்தைத்தான் வியப்பார்கள். இத்தகைய வேலையில் துண்டுகளைப் பிடித்து நிறுத்துவது உலோகம். உலோகத்தை இணைப்பது பற்றாசு!

வெள்ளீயமும் காரீயமும் கலந்ததே பற்றாசு. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகும். காரீயம் 327-ல் உருகும். இரண்டும் சேர்ந்தாலோ 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்.

எதை வாங்குவது?

செப்பு நாடா சுற்றிய கண்ணாடிக்கு 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் ஏற்றது. சீக்கிரம் இறுகும்; இணைப்பு அழகாக உருண்டு நிற்கும். பாதிக்குப் பாதி கலவை விலை மலிவு. ஆனால் மெதுவாக இறுகும். இணைப்பு தட்டையாகி விடும்.

ரேடியோ பழுது பார்க்கும், நடுவில் பிசின் வைத்த கம்பி வேண்டாம். கறை ஒட்டிக் கொள்ளும். பற்றவைப்புப் பசையைத் தனியே தடவி, வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி, மெழுகு பூச வேண்டும்.

கை கழுவுங்கள்!

காரீயம் விஷம். சோப்புப் போட்டுக் கழுவாத கையால் சோற்றைத் தொடாதீர்கள். குழந்தைகள் தொடும் பொருளுக்குக் காரீயம் இல்லாத பற்றாசே வேண்டும். விலை கூடுதல்தான். குழந்தையின் மூளையை விடவா?