சிறு நல்கையும் சமூக ஈடுபாடும்

பல்கலைக்கழகங்கள் வழங்கும் நல்கைகளுள் மிகச் சிறியது ஒன்று உண்டு. ஆசிரியர் ஒருவர் தலைமையில் மாணவர்கள் ஊர்மக்களோடு இணைந்து பொதுப்பணி ஆற்றுவதற்கான நல்கை அது. பேருந்துக் கட்டணம், அச்சுச் செலவு, சிற்றுண்டி ஆகியவற்றோடு பெரும்பாலும் அது தீர்ந்துவிடும். ஆயினும் அது எழுப்பும் வினா பெரிது. அப்பணம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்?

இக்கல்விமுறையைச் சேவைவழிக் கற்றல் என்பர். 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும் இத்தொடரை வழக்கிற்குக் கொணர்ந்தனர். 1979இல் சிக்மன் இதற்கு மூன்று நெறிகளை வகுத்தார். பணியை நெறிப்படுத்தும் உரிமை அதனைப் பெறுவோர்க்கே உரியது. அவர்கள் தம் முயற்சியால் தமக்கும் பிறர்க்கும் உதவும் ஆற்றல் பெறல் வேண்டும். பணி செய்வோரும் கற்போரே, தாம் கற்க வேண்டுவதைத் தீர்மானிப்பதில் அவர்க்கும் பங்குண்டு.

மலேசியப் பல்கலைக்கழகங்களில் இம்முறை 2019இல் 'சுலாம்' என்னும் பெயரில் அறிமுகமாயிற்று. அஃது ஆங்கிலத் தொடரொன்றன் சுருக்கமேயாயினும், மலாய்மொழியில் அச்சொல் பூத்தையலைக் குறிக்கும். ஊசி துணியின் இருபுறமும் சென்று மீண்டால்தான் பூ உருவாகும். பெயர் பொருத்தமானதே.

ஒரு சான்று காண்போம். மருந்துக் குறிப்புகளை முதியோர்க்குத் தமிழில் எழுதித்தர ஒரு மொழியியல் வகுப்பு முனைகிறது எனக் கொள்வோம். வகுப்பறையிலேயே மொழிபெயர்த்தால் 'உணவிற்கு முன் உட்கொள்க' என்று செப்பமாக அமையும். முதியோரிடம் கேட்டால், 'பசியாறுவதற்கு முன்' என்பதே எளிதில் விளங்குகிறது என்று சிலர் கூறலாம். ஆனால் நம் நாட்டு வழக்கில் பசியாறுதல் பலர்க்குக் காலை உணவையே குறிக்கும். அவ்வாறு எழுதினால் இரவு மருந்து விடுபட்டுப் போகக்கூடும். பாடநூலில் நாம் கற்பிக்கும் சொற்பொருள் வேறுபாடு இங்கு ஒருவரின் உடல்நலத்தையே தொடுகிறது. படிக்க இயலாதார் அவர்களுள் இருப்பின், அச்சுக்கு ஒதுக்கிய பணம் ஒலிப்பதிவிற்கு மாற வேண்டும். இதனை முன்கூட்டியே அறிய எந்த விண்ணப்பத்தாலும் இயலாது. ஆதலின், செலவுத் திட்டத்தை இடையில் மாற்றிக்கொள்ள இடமளிக்கும் நல்கையே நல்ல நல்கை.

மற்றொரு இடர் காலம். கற்பித்தல் பருவம் பொதுவாக 14 வாரங்களில் முடிந்துவிடும். மதிப்பெண் வந்ததும் மாணவர் விடைபெறுவர். நிழற்படங்கள் அறிக்கையில் இடம்பெறும். முதியோரின் மருந்து மட்டும் மாறிக்கொண்டேயிருக்கும். குறிப்புகளைத் திருத்துவார் இல்லையெனில், பழைய தாள் உதவுவதற்கு மாறாகத் தீங்கு செய்யும்.

எனவே விண்ணப்பம் எழுதுமுன் ஆசிரியரும் மாணவரும் இரு வினாக்களுக்கு விடை காண்பது நன்று. இப்பணியை வேண்டியவர் யார்? நாம் சென்றபின் இதனைக் காப்பவர் யார்? முதல் வினாவிற்கு நம் பெயர் மட்டுமே விடையாயின், நாம் இன்னும் ஊருக்குள் செல்லவில்லை என்பதே பொருள். இரண்டாம் வினாவிற்கு விடை கிடைத்துவிட்டால், சிறு தொகையும் போதும்.