கருங்கால் மர எலியும் காட்டுத்தீயும்

உடலைவிட நீண்ட கரிய வால், நுனியில் வெண்குஞ்சம், கருத்த பாதங்கள்: வட ஆஸ்திரேலியாவின் வெப்பமண்டலப் புல்வெளிக் காடுகளில் வாழும் மர எலி இது. அங்குள்ள போர்ட் எஸிங்டனிலிருந்து அறியவந்த இந்த இனத்தை 1843இல் விவரித்த லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே, இயற்கையியலாளர் ஜான் கூல்டின் பெயரை இதற்குச் சூட்டினார்.

பகலில் மரப்பொந்தில் உறங்கி, இரவில் பழமும் விதையும் தேடும் விலங்கு. பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் வேண்டும். வறட்பருவத்தின் இறுதியில் மூளும் கடுந்தீ அத்தகைய முதிய மரங்களையே சாய்த்துவிடுகிறது. தீயில் கருகுவதைவிடக் கொடியவை அடுத்து வரும் வாரங்கள். ஐரோப்பியர் கொண்டுவந்து காட்டில் பெருகிய பூனைகள், புல் மறைவற்ற கரிநிலத்துக்குப் பல கிலோமீட்டர் கடந்தும் வேட்டைக்கு வருகின்றன. இப்பகுதியிலுள்ள ககாடு தேசியப் பூங்காவின் ஆய்வுத் திடல்களில் 2001–2009 காலத்தில் பாலூட்டிகளின் எண்ணிக்கை சுமார் 71 சதவீதம் சரிந்தது; வேதனையான வீழ்ச்சி.

ஈரம் காயாத வறட்பருவத் தொடக்கத்தில், திட்டுத்திட்டாகச் சிறுதீ மூட்டுவது ஆர்னம் லாண்ட் பூர்வகுடிகளின் தொன்மையான முறை. இரவுப் பனியில் அது தானே அணைகிறது, எரியாத திட்டுகள் அடைக்கலமாகின்றன. ஆனால் சிறுதீயும் ஆண்டுதோறும் அதே இடத்தைத் தீண்டினால் பழப்புதர்கள் தழைப்பதில்லை. எனவே சில நிலங்களைப் பல ஆண்டுகள் எரிக்காமல் விடுவதும் தீ மேலாண்மையே.