முகப்பேர் சொல்லும் பாடம்

சென்னை முகப்பேரில் இன்று மனை விலை கேட்டால் தலை சுற்றும். உலக வங்கிக் கடனுதவியோடு ஏழைகளுக்கும் மனை ஒதுக்கி அரசு உருவாக்கிய பகுதி அது என்பது பலருக்குத் தெரியாது. நகரத் திட்டமிடல் முதுநிலைப் படிப்பில் இப்படிப்பட்ட இடங்கள்தான் பாடம். திட்டம் போட்டவர்கள் கிளம்பிப் போன பிறகு, குடியேறியவர்கள் அந்த இடத்தை என்ன செய்தார்கள் என்று ஆராய்வதுதான் அந்தப் பாடம்.

1977-ல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம் முதலிய இடங்களில் அரசு முழு வீடு கட்டித் தரவில்லை. சாலை, குடிநீர், சாக்கடை வசதியோடு மனை பிரித்தார்கள். சிறிய மனைகளில் ஒரு கழிப்பறை, சிலவற்றில் கூடவே ஓர் அறை, அவ்வளவுதான். காசு சேரச் சேர மீதியை மக்களே கட்டிக்கொள்ள வேண்டும். முகப்பேரும் இந்த முறையில் உருவானதுதான். பெரிய மனைகளை நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்று, அந்த லாபத்தில் சிறிய மனைகளின் விலையைக் குறைத்தார்கள். ஆள் குடிவரத் தாமதம், ஏழைகள் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்றெல்லாம் விமர்சனம் எழுந்தது. உலக வங்கியே பிறகு இந்த முறையைக் கைவிட்டது. சென்னையிலும் மும்பையிலும் அதே இடங்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பிப் போய், 2018-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பல வருமானத்தினரும் சேர்ந்து வாழும் துடிப்பான குடியிருப்புகளாக அவை வளர்ந்திருந்தன. தோல்வி என்று தீர்ப்பெழுத விமர்சித்தவர்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள்.

சென்னைக்குத் தெற்கே உள்ள பெரும்பாக்கம் இதற்கு நேர் எதிர். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைக் குடும்பங்கள் பல இங்குள்ள எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. முழுதாகக் கட்டிய வீடுதான். மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஓர் அறை கூட்ட முடியாது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு, வேலை செய்த பழைய தெரு பேருந்தில் போகும் தொலைவுக்குப் போய்விட்டது. என் பார்வையில், தரமான கட்டடத்தைவிட மாற்றிக்கொள்ளும் உரிமையும் பிழைப்புக்கு அருகிலுள்ள இடமும்தான் ஒரு குடியிருப்பைக் காப்பாற்றுகின்றன.

நகரத் திட்டமிடலைப் படிக்க எம்.பிளான் என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம், டெல்லியில் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி எனப் பல இடங்களில் படிக்கலாம். கட்டடக்கலை, சிவில் பொறியியல் பட்டதாரிகளோடு புவியியல், பொருளியல், சமூகவியலில் முதுகலை முடித்தவர்களையும் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. மென்பொருளில் வண்ண வரைபடம் போட எங்கும் கற்றுத் தருவார்கள். ஆனால் குடியேறியவர்கள் இடத்தை என்ன செய்தார்கள் என்பது களத்தில்தான் தெரியும். அதனால் விண்ணப்பிக்கும் முன், களப்பணிக்கு எத்தனை வாரம் என்று கேட்டுவிடுங்கள்.