திரும்பி வந்த 90 ஜோடி

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பிரீபோர்ட் என்றொரு சிற்றூர். அங்கே சிறு கடை வைத்திருந்தவர் லியோன் லியோன்வுட் பீன். 1872-இல் பிறந்தவர், பன்னிரண்டு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். மனைவி, மூன்று பிள்ளைகள் என்று குடும்பம். ஓய்வு கிடைத்தால் வேட்டைக்கோ மீன் பிடிக்கவோ கிளம்பிவிடுவார்.

ஈரக் காட்டில் நடந்து நடந்து கால் நனைந்து ஊறிப்போகவே, 1911-இல் ஒரு யோசனை தோன்றியது. ரப்பர் காலணியின் மேல் தோலை வைத்துத் தைக்கச் செய்தார். பலன் கண்டதும், வேட்டை லைசென்ஸ் வாங்கிய வெளிமாநிலத்தாரின் பட்டியலைத் தேடிப் பிடித்து, தபாலில் விளம்பரம் அனுப்பினார்.

விற்ற முதல் 100 ஜோடியில் 90 திரும்பி வந்தன! தோலும் ரப்பரும் சேரும் இடத்தில் தையல் விட்டுப்போயிருந்தது.

வாங்கியவர்கள் எங்கோ இருப்பவர்கள். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். பீன் அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மேலும் கடன் வாங்கி, குறையை நீக்கி, மறுபடி விற்றார். வியாபாரம் வளர்ந்தது. இரவில் வரும் வேட்டைக்காரர்களுக்காக 1951 முதல் கடை 24 மணி நேரமும் திறந்திருந்தது. 1967-இல், 94-ஆம் வயதில் பீன் காலமானார். பொறுப்பைப் பேரன் ஏற்றார்.

வி.பி.பி.யில் பணம் கட்டிவிட்டுப் படபடப்போடு பார்சலைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், முகம் தெரியாத கடைக்காரரின் நாணயம் எவ்வளவு பெரிதென்று.