வாடகை வீடு: ஃபியூஸ் கட்டை, போக்கியப் பணம், வெள்ளத் தண்ணி

வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டுட்டா மாசம் ஒண்ணாம் தேதி பணம் தானா வரும்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. எனக்குத் திண்டிவனத்தில் மூன்று போர்ஷன் உள்ள ஒரு வீடும், விழுப்புரத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இன்னொரு வீடும் இருக்கின்றன. இந்த எபிசோடில் நான் பேசப்போவது எல்லாம் அந்த ஐந்து கதவுகளுக்குப் பின்னால் பார்த்தது, பக்கத்துத் தெருவில் கேட்டதுதான்.

முதலில் கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதுக்கு மேல போகப் போக ஸ்லாப் ஏறும், யூனிட் விலையும் ஏறும். ரெண்டு குடும்பத்துக்கு ஒரே மீட்டர்னா ரெண்டு பேர் யூனிட்டும் சேர்ந்து பெரிய ஸ்லாப்புக்குப் போயிடும். நீங்க சப்-மீட்டர் போட்டு எவ்வளவு நேர்மையா பிரிச்சாலும், "எங்க வீட்ல ஏசியே இல்லையே, நாங்க ஏன் சார் இந்த ரேட்டு கொடுக்கணும்?" என்ற கேள்விக்கு பதில் கிடையாது. தனித்தனி இணைப்பு வாங்குறதுதான் தீர்வு. செலவுதான், ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு சண்டை மிச்சம். மோட்டார் கரண்டை யார் கட்டுறதுன்னும் வாடகை பேசும்போதே சொல்லிடணும்.

அடுத்தது அக்ரிமென்ட். ஏன் எல்லாரும் 11 மாசம்னு போடறாங்க? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆகணும். அதைத் தவிர்க்கத்தான் 11. ஆனால் தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கு. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், அதை வாடகை அதிகாரியிடம் பதியணும். வேறு மாதிரி ஒப்பந்தம் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாச அட்வான்ஸ் கேட்டுப் பழகின நம்ம ஊர் ஓனர்களுக்கு இது கசக்கும். சொல்லித்தான் ஆகணும்.

வாடகை தராதவரை வழிக்குக் கொண்டுவர ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குறது, தண்ணி வால்வை மூடுறது எல்லாம் நம்ம பக்கத்தில் ரொம்பச் சாதாரணம். இதே சட்டம் அதைத் தடை செய்யுது. ரெண்டு மாச பாக்கி நின்னா நோட்டீஸ் கொடுத்துட்டு வாடகை நீதிமன்றம் போகலாம். குழந்தை இருக்கிற வீட்டில் ராத்திரி கரண்டை நிறுத்துறது, சட்டம் இல்லைன்னாலும் செய்யக்கூடாத வேலை.

இப்போ போக்கியம். கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான். ஒரு மொத்தத் தொகை வாங்கிக்கிறது, மாச வாடகை கிடையாது, மூணு வருஷம் கழிச்சு அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பணம் பெரும்பாலும் ஓனர் கையில் இருக்காது. பொண்ணு கல்யாணம், மாடி கட்டுறதுன்னு போயிருக்கும். அடுத்த போக்கியக்காரர் வந்தால்தான் முன்னவருக்குப் பணம்.

எங்க திண்டிவனம் வீட்டுக்கு ஒரு குடும்பம் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஐந்து லட்சம் கொடுத்து ஒரு வீட்டில் இருந்திருக்காங்க. கெடு முடிஞ்சும் 14 மாசம் காலி பண்ண முடியல, பணம் வரல. "அண்ணே, வெளியே வந்துட்டா காசு போயிடுமோன்னு அந்த ஒழுகுற வீட்லயே கிடந்தோம்" என்றார் அந்த அம்மா. அவங்க கையில் இருந்தது ஒரு முத்திரைத்தாள், பதிவு செய்யாதது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 59ஆம் பிரிவுப்படி, 100 ரூபாயோ அதுக்கு மேலோ உள்ள இந்த மாதிரி அடமானத்துக்குப் பதிவுப் பத்திரம் வேணும். அது இல்லைன்னா, பணம் கொடுத்ததை நிரூபிச்சுக் கேக்கலாமே தவிர, வீட்டைப் பிணையாகப் பிடிச்சு வைக்கிற உரிமை நிக்காது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காம, பேங்க் கடன் இருக்கான்னு கேக்காம போக்கியப் பணம் கொடுக்காதீங்க. அந்த வீட்டு மேல ஏற்கெனவே பேங்க் அடமானம் இருந்தா, பேங்க்தான் முதல் ஆள். ஓனரா இருக்கிற நீங்களும், திருப்பித் தர வழி தெரியாம அந்தத் தொகையில் கை வைக்காதீங்க.

கடைசியா ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் புயல் கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரத்தில் எங்க கீழ்வீட்டுக்குள் முழங்கால் தண்ணி. குடியிருந்தவர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர். பிரிட்ஜ், பீரோ அடித்தட்டு, ரேஷன் அரிசி எல்லாம் போச்சு. வாடகை கேக்கலாமா?

சட்டத்தைப் பார்த்தால், வெள்ளத்தால் வீடு நிரந்தரமாகக் குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் குத்தகையை முறிச்சுக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. 'நிரந்தரமாக' என்பதுதான் சிக்கல். ரெண்டு நாளில் வடிஞ்ச தண்ணி அதில் வராது. அதனால் சட்டப்படி நான் முழு வாடகை கேட்டிருக்கலாம். டிசம்பர் வாடகை வேணாம்னேன். வயரிங், கதவு என் செலவு, சுத்தம் பண்றதும் பெயின்டும் பாதிப்பாதி. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாமா சார்?" என்று அவர் கேட்டார். வேணாம்னு சொன்னேன். ஒரு தடவை அதைத் தொட்டால் காலி பண்ணும்போது ரெண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகாது. எல்லாத்தையும் ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஸ்விட்ச் போர்டுகளை எல்லாம் தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு ஏத்திட்டேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கார். பிரிட்ஜை மட்டும் இப்போ நாலு செங்கல் மேல ஏத்தி வெச்சிருக்கார்.