மூன்று நாற்காலி மனிதர்

வங்கி, ரயில்வே, நாடாளுமன்றம்: ஒன்றின் செல்வாக்கை மற்றொன்றில் அடகு வைத்து உயர்ந்த ஜான் சாட்லியரின் கதை

1856 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை காலை. லண்டனின் வடபகுதியில் உள்ள ஹாம்ப்ஸ்டெட் ஹீத் திறந்தவெளியில் ஒருவர் நஞ்சருந்தி இறந்து கிடந்தார். பெயர் ஜான் சாட்லியர். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், வங்கியாளர், ரயில்வே கம்பெனித் தலைவர். வயது 42தான். அடுத்த சில வாரங்களில் அவருடைய கணக்குப் புத்தகங்கள் திறக்கப்பட்டபோது, அயர்லாந்தின் சிறு விவசாயிகள் பலர் தங்கள் வாழ்நாள் சேமிப்பு காணாமல் போயிருப்பதை அறிந்தார்கள்.

சாட்லியர் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்துக்காரர். டப்ளினில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1830களின் இறுதியில் சகோதரர் ஜேம்ஸுடன் சேர்ந்து டிப்பரரி வங்கியைத் தொடங்கினார். வங்கியையே பார்த்திராத ஊர்களில் அது கிளைகளைத் திறந்தது. விவசாயிகளும் கடைக்காரர்களும் நம்பிப் பணத்தைப் போட்டார்கள்.

1840கள் பிரிட்டனில் ரயில் பித்து தலைக்கேறிய காலம். புதிய பாதை ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் தேவைப்பட்டது. மசோதாவைக் கரை சேர்க்க முகவர்கள் இருந்தார்கள். அயர்லாந்து ரயில்வேக்களின் முகவராக லண்டன் வந்த சாட்லியருக்கு அதிகாரத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1847இல் கார்லோ தொகுதியின் உறுப்பினரானார். 1848இல் லண்டன் அண்டு கவுன்ட்டி வங்கியின் தலைவர். பின்னர் ராயல் ஸ்வீடிஷ் ரயில்வேயின் தலைவர். கையில் ஒரு பத்திரிகையும் இருந்தது.

அரசியலில்தான் முதல் சறுக்கல். குத்தகை விவசாயிகளின் உரிமைக்காகப் போராடுவோம், அதுவரை எந்த அரசிலும் பதவி ஏற்க மாட்டோம் என்று 1852இல் அயர்லாந்து உறுப்பினர்கள் பலர் வாக்குறுதி தந்தார்கள். அவர்களில் சாட்லியரும் ஒருவர். அந்த ஆண்டு முடிவதற்குள் அபர்தீன் பிரபுவின் அமைச்சரவையில் கருவூலத் துறையின் இளநிலைப் பதவியை ஏற்றுக்கொண்டார். கார்லோ வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்தார்கள். ஸ்லைகோ தொகுதியில் வென்று மீண்டும் அவைக்கு வந்தார். ஆனால், தனக்கு வாக்களிக்க மறுத்த ஒருவரைக் கடனுக்காகச் சிறையில் தள்ளிய விவகாரத்தில் சிக்கி, 1854இல் பதவி விலகினார்.

இதற்குள் ஊக பேரங்களில் பெரும் நஷ்டம். அதை ஈடுகட்ட டிப்பரரி வங்கியிலிருந்து தன் கணக்கில் 2 லட்சம் பவுண்டுக்கும் அதிகமாக எடுத்திருந்தார். வங்கியை நடத்தியது சகோதரர், தட்டிக்கேட்க ஆளில்லை. அதுவும் போதாமல் ஸ்வீடிஷ் ரயில்வேயின் பெயரில் ஆயிரக்கணக்கான போலிப் பங்குகளை வெளியிட்டார். நிலப் பத்திரங்களிலும் கள்ளக் கையெழுத்து. வங்கி லாபத்தில் நடப்பதாகப் பொய்க் கணக்கு காட்டி, புதிய பங்குதாரர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

பிப்ரவரி நடுவில், லண்டனின் கிளின் வங்கி டிப்பரரி வங்கியின் டிராஃப்டுகளுக்குப் பணம் தர மறுத்தது. அத்துடன் ஆட்டம் முடிந்தது. பலரை அழித்துவிட்டேன், அவர்கள் படும் வேதனையைப் பார்த்துக்கொண்டு உயிரோடிருக்க முடியாது என்ற பொருளில் கடைசிக் கடிதம் எழுதிவிட்டு சாட்லியர் வீட்டைவிட்டு வெளியேறினார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டிராஃப்டுகளைத் திருப்பிய கிளின் வங்கியின் ஜார்ஜ் கார் கிளினும் அதே மூன்று நாற்காலிகளில் அமர்ந்தவர்தான். வங்கியாளர், லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் முதல் தலைவர், சாட்லியரைப் போலவே 1847இல் நாடாளுமன்றத்துக்கு வந்தவர். அவர் பிரபுப் பட்டம் பெற்று, மதிப்போடு 1873இல் மறைந்தார். இருவரையும் பிரித்தது சட்டமல்ல, தனிமனித நாணயம் மட்டுமே. சாமானியர்களின் பணத்துக்கு அது போதுமான காவல் இல்லை.

தண்டனை யாருக்கு? சேமித்தவர்களுக்கும், சொந்தச் சொத்தைக் கொண்டே வங்கியின் கடனை அடைக்க வேண்டியிருந்த பங்குதாரர்களுக்கும்தான். 1855இல் வந்த வரையறுக்கப்பட்ட பொறுப்புச் சட்டம் வங்கிகளை விட்டுவிட்டது. 1858இல்தான் அந்த வசதி வங்கிகளுக்கும் கிடைத்தது. ஜேம்ஸ் வெளிநாடு தப்பினார். 1857இல் நாடாளுமன்றம் அவரை வெளியேற்றியது. 'லிட்டில் டோரிட்' நாவலில் வரும் மோசடிக்காரர் மெர்டிலை உருவாக்க சார்லஸ் டிக்கன்ஸுக்குச் சாட்லியரும் ஒரு தூண்டுதல்.

இந்தியாவும் இந்தப் பாடத்தை அடிபட்டே கற்றது. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கிய பிறகுதான் டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு வந்தது. 1962இல் 1,500 ரூபாயாக இருந்த வரம்பு 2020இல் 5 லட்சமாக உயர்ந்தது. டிப்பரரி விவசாயிகளுக்கு அந்த 1,500 ரூபாய் பாதுகாப்புகூட இருக்கவில்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் ஒரு பெரிய மனிதரின் பெயர்தான்.